கடையை மூட ஊருக்கு ஓட்டு உண்டா?

(ஓமலூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வாரக்கூலி வாங்கும் நாளில் பொழுது சாயும் நேரத்தில் இந்த வட்டாரத்தில் எந்த ரோட்டில் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சேகோ ஆலையில் கிழங்கு மாவில் கால் ஊறியவன், வெல்ல ஆலையில் கொப்பரை முன்னால் வெந்தவன், நூற்பாலையில் பஞ்சுத் தூசியை விழுங்கியவன் வீட்டுக்குப் போகிறான். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடை இருக்கிறது. காலையில் கொத்திய களையும் பறித்த பூவும் கொடுத்த காசு, அடுப்புக்குப் போவதற்கு முன் அந்தக் கடையின் கம்பி ஜன்னலுக்குள் போகிறது. வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறவள் நிழலைப் பார்த்தே தெரிந்துகொள்கிறாள், இன்று அரிசி உண்டா இல்லையா என்று.

இது யாருக்கும் தெரியாத கதை அல்ல. குடி கெட்டது என்று உபதேசம் செய்ய நாம் இங்கே கூடவும் இல்லை. உபதேசத்தை நீங்கள் ஏராளமாகக் கேட்டிருக்கிறீர்கள். நாம் இன்று கேட்பது வேறொரு கேள்வி. ஊரில் உள்ள பெரும்பாலானவர்கள், குறிப்பாகப் பெண்கள், "இந்தக் கடை எங்களுக்கு வேண்டாம்" என்று முடிவு செய்தால் அதை மூட அவர்களுக்கு உரிமை உண்டா? ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இருக்கிறது. நம் தெருமுனையில் இருக்கிற ஒரு கடையைப் பற்றிச் சொல்ல நமக்கு ஓட்டு இருக்கிறதா?

மேலிருந்து மூடினார்கள், மேலிருந்து திறந்தார்கள்

இந்தக் கேள்வியைக் கேட்க சேலம் ஜில்லாவைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மதுவிலக்கு என்பது சென்னை மாகாணத்தில் முதன்முதலாக அமலுக்கு வந்தது நம்முடைய ஜில்லாவில்தான். 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது, சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. ஓமலூரிலும் மூடப்பட்டன.

அன்று மூடச் சொன்னது யார்? சட்டசபை. சட்டசபையைத் தேர்ந்தெடுத்தது யார்? அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஓட்டு இல்லை. சொத்து, வரி, படிப்பு இவை உள்ளவர்களுக்கே ஓட்டு. மரம் ஏறினவனுக்கும் ஓட்டு இல்லை, குடித்தவனுக்கும் ஓட்டு இல்லை, குடித்தவனிடம் அடிபட்டவளுக்கும் ஓட்டு இல்லை. நல்லதோ கெட்டதோ, அவர்களைக் கேட்காமல் நடந்தது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. யுத்தகாலத்தில் மதுவிலக்கை நிறுத்தி வைத்தார்கள். கடை திரும்பி வந்தது, ஆனால் விற்பனை வரி போகவில்லை! 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் கடைகள் திறந்தன. 1973–74இல் மூடின. 1981இல் மறுபடியும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் என்ற சர்க்கார் ஸ்தாபனம் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. 2016இல் 500 கடை மூடினார்கள், 2017இல் இன்னும் 500, 2023 ஜூன் 22ஆம் தேதி இன்னும் 500.

இத்தனை தடவை திறந்தார்களே, இத்தனை தடவை மூடினார்களே, ஒரே ஒரு தடவையாவது ஒரு ஊரைக் கூட்டி, "உங்கள் ஊரில் கடை இருக்கலாமா?" என்று ஓட்டுக்கு விட்டார்களா? இல்லை. திறப்பதும் மேலிருந்து, மூடுவதும் மேலிருந்து. மேலே இருப்பவர் மனம் மாறினால் கடை மாறும். அதனால்தான் எந்த மூடலும் நிலைத்து நிற்கவில்லை. மரத்தை நட்டவனுக்குத்தான் அதைக் காக்கிற அக்கறை இருக்கும். ஊர் ஜனங்கள் கையால் மூடாத கடையை ஊர் ஜனங்கள் எப்படிக் காவல் காப்பார்கள்?

அளவுநாடா இருக்கிறது, ஓட்டுப்பெட்டி இல்லை

இன்று தமிழ்நாட்டில் ஒரு மதுக்கடை எங்கே இருக்கக்கூடாது என்பதற்கு விதி இருக்கிறது. 2003ஆம் வருஷத்து விதி. கோயில், மசூதி, சர்ச், பள்ளிக்கூடம் இவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள் கூடாது, மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கூடாது. தூரத்தை அளக்க விதி இருக்கிறது. ஆனால் ஊர் ஜனங்களின் விருப்பத்தை அளக்க விதி இல்லை. சர்க்கார் கையில் அளவுநாடா இருக்கிறது, ஓட்டுப்பெட்டி இல்லை.

2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடவேண்டி வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து கிளம்பிய கடைகள் எங்கே போயின? ஊருக்குள்ளும் வயல்காட்டுக்கும் இடம் தேடி வந்தன. பெங்களூர் ரோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிற ஓமலூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோடைகாலம் முழுவதும் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கடைக்கு முன்னால் அடுப்பு மூட்டினார்கள். தடியடிபட்டார்கள், வழக்கு வாங்கினார்கள்.

நம் சேலம் ஜில்லாவில் பிறந்த காந்தியவாதி சசிபெருமாளை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூலை 31ஆம் தேதி, கன்னியாகுமரி ஜில்லா உண்ணாமலைக்கடையில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி அவர் செல்போன் கோபுரத்தின்மேல் ஏறினார். கீழே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உயிர் திரும்பவில்லை. ஒரு கடையை இடம் மாற்றுங்கள் என்று சொல்வதற்கு ஒரு மனிதர் ஆகாயத்தில் ஏறி உயிர்விட வேண்டியிருக்கிறது என்றால், தரையில் அதைச் சொல்வதற்கு வழி இல்லை என்றுதானே அர்த்தம்? அந்த வழியைப் பற்றித்தான் பேசுகிறோம்.

நின்ற பாட்டில், படுத்த பாட்டில்

"அப்படி ஒரு வழி எங்கேயாவது உண்டா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, நம் நாட்டிலேயே உண்டு.

மகாராஷ்டிராவில் 2008ஆம் வருஷத்து உத்தரவு ஒன்று இருக்கிறது. ஒரு கிராமத்தில் உள்ள பெண் வாக்காளர்களில் 100க்கு 25 பேர், அல்லது மொத்த வாக்காளர்களில் 100க்கு 25 பேர், மதுக்கடையை மூடக்கோரிக் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கலாம். மனு வந்ததும் அதிகாரிகள் அந்தக் கையெழுத்துகள் உண்மைதானா என்று சரிபார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஓட்டெடுப்புக்கு நாள் குறிக்க வேண்டும். ரகசிய ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி இரண்டே சின்னங்கள். ஒன்று நிற்கிற பாட்டில், மராத்தியில் 'உபி பாட்லி'. மற்றொன்று படுத்துக் கிடக்கிற பாட்டில், 'ஆட்வி பாட்லி'. நிற்கிற பாட்டிலுக்குப் போட்டால் கடை இருக்கட்டும் என்று அர்த்தம். படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடை வேண்டாம் என்று அர்த்தம். பட்டியலில் உள்ளவர்களில் பாதிக்குமேல் படுத்த பாட்டிலுக்குப் போட்டுவிட்டால் கடையை மூடியாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராமத்தில் 1,000 பெண் வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 250 பெண்கள் கையெழுத்துப் போட்டால் ஓட்டெடுப்பு வரும். 501 பெண்கள் படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடை மூடும். மந்திரிக்கு மாலை போடவேண்டாம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்கவேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாதிக்குமேல் என்பது ஓட்டுப் போட வந்தவர்களில் பாதி அல்ல, பட்டியலில் பெயர் உள்ளவர்களில் பாதி. கரும்பு வெட்ட வெளியூர் போனவள், கட்டிட வேலைக்குப் பட்டணம் போனவள், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று வேலைக்குப் போனவள், இவர்கள் எல்லாரும் வராவிட்டால், அவர்கள் ஓட்டு நின்ற பாட்டிலுக்கே போய்ச் சேர்ந்த மாதிரிதான். செத்துப்போனவர் பெயர் பட்டியலில் இருந்தால் அதுவும் கடைக்காரனுக்கே லாபம். ஆகவே மனுக் கொடுப்பதற்கு முன்னால் பட்டியலைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஓட்டுநாளில் வீடு வீடாகப் போய் அழைத்துவர வேண்டியிருக்கிறது. சட்டம் கதவைத் திறந்துதான் விடும். உள்ளே நடந்து போகவேண்டியது ஜனங்கள்.

இப்படி நடந்து காட்டிய ஓர் ஊரைச் சொல்கிறோம். ராஜஸ்தானிலும் இதே மாதிரி விதி ஒன்று 1975 முதல் இருக்கிறது. அங்கே 100க்கு 20 பேர் மனுக் கொடுத்தால் போதும், மொத்த வாக்காளர்களில் 100க்கு 51 பேர் வேண்டாம் என்றால் கடை மூடும். விதி நாற்பது வருஷம் ஏட்டில் கிடந்தது. ராஜ்சமந்த் ஜில்லாவில் காச்பலி என்ற ஊராட்சியின் பெண்கள் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். 2016 மார்ச்சில் ஓட்டெடுப்பு நடந்தது. மொத்த வாக்காளர்கள் 2,886 பேர். ஓட்டுப் போட்டவர்கள் 2,039 பேர். கடை வேண்டாம் என்றவர்கள் 1,937 பேர். வேண்டும் என்றவர்கள் 33 பேர். செல்லாத ஓட்டு 69.

அந்த 33 என்ற எண்ணை யோசித்துப் பாருங்கள், தோழர்களே! ஓர் ஊராட்சியில் குடிப்பவர்கள் வெறும் 33 பேராகவா இருந்திருப்பார்கள்? இருக்க முடியாது. குடிக்கிறவனிலும் பலபேர் "கடை வேண்டாம்" என்றே ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். தன்னால் தாண்டிப் போக முடியாத கடையைத் தன் கையாலேயே மூடினான். குடிகாரன் என்று நாம் ஒதுக்கித் தள்ளுகிறவனின் நெஞ்சுக்குள்ளும் அந்த ஆசை இருக்கிறது. அதைச் சொல்ல அவனுக்கு ஒரு ரகசியமான இடம் வேண்டியிருந்தது. ஓட்டுப்பெட்டி அந்த இடத்தைக் கொடுத்தது.

கை தூக்குவது வேறு, ஓட்டுப் போடுவது வேறு

"நமக்குத்தான் கிராம சபை இருக்கிறதே, அதில் தீர்மானம் போட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தின் பேரிலும், 1994ஆம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் பேரிலும் கிராம சபை வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம், யாரும் நியமிக்க வேண்டாம். முன்பு வருஷத்துக்கு நான்கு கூட்டம். 2022இல் அதை ஆறாக ஆக்கினார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜனங்கள் நேரடியாகப் பேசி முடிவெடுக்கிற இடம் என்று பார்த்தால் நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான். இதைக் குறைத்துப் பேசமாட்டோம்.

ஆனால் இரண்டு குறைகளை மறைக்கவும் மாட்டோம்.

முதல் குறை: மதுக்கடையைப் பற்றிக் கிராம சபை தீர்மானம் போடலாம். ஆனால் அந்தத் தீர்மானம் வந்துவிட்டதாலேயே கடையை மூடியாக வேண்டும் என்று மதுக்கடை விதிகள் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ கிராம சபைகள் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கின்றன. தீர்மானம் கோரிக்கையாகப் போகிறது, கட்டளையாகப் போவதில்லை. கடை எங்கே இருக்கும் என்பதை அதிகாரிகள் தீர்மானிக்கிறார்கள். மகாராஷ்டிராவிலோ ஓட்டு எண்ணி முடிந்ததும் அதிகாரிக்கு வேறு வழியில்லை. அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

இரண்டாவது குறையை விவசாயத் தொழிலாளிகள் நன்றாக அறிவார்கள். கிராம சபையில் கை தூக்க வேண்டும். எதிரே நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? நாளைக்குக் களை எடுக்கக் கூப்பிட வேண்டியவர். முன்பணம் கொடுத்தவர். வழித்தடம் அவர் நிலத்து வரப்பின்மேல் போகிறது. கடை இருக்கிற கட்டிடமே அவருடையதாக இருந்தால்? மாத வாடகை அவருக்கு வருகிறதென்றால்? அவர் பார்க்கிற பார்வையில் தூக்கிய கை பாதியில் இறங்கிவிடும். இது கோழைத்தனம் அல்ல, வயிறு. ரகசிய ஓட்டு என்பதைத் தொழிலாளி வர்க்கம் உலகம் முழுவதும் போராடி வாங்கியது இதற்காகத்தான். திரைக்குப் பின்னால் பண்ணையாரும் கூலிக்காரியும் ஒரே எடை. ஆகவே கிராம சபையில் விவாதம் நடக்கட்டும், முடிவு ஓட்டுப்பெட்டியில் நடக்கட்டும் என்கிறோம்.

ஊர் ஜனங்களின் சொல்லுக்குச் சட்டபலம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரிசாவின் நியமகிரி மலை சாட்சி. அந்த மலையைக் குடைந்து பாக்ஸைட் எடுக்கத் திட்டம் போட்டார்கள். வேதாந்தா கம்பெனியின் அலுமினிய ஆலைக்காக. மலைவாழ் டோங்கிரியா கோந்த் மக்கள் மறுத்தார்கள். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்காட்டி, 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், கிராம சபைகளையே கேளுங்கள் என்றது. பன்னிரண்டு கிராமங்களில் கூட்டம் நடந்தது. ஜில்லா நீதிபதி நிலையில் உள்ளவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு கிராமமும் ஒரே குரலில் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சர்க்கார் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. அந்த மக்களுக்குப் பணம் இல்லை, பத்திரிகை இல்லை. சட்டம் அவர்கள் சொல்லைக் கணக்கில் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு மலையைக் காக்க கிராம சபையின் சொல் போதுமானால், ஒரு தெருமுனையைக் காக்க ஏன் போதாது?

பணம் நுழைந்தால்

மனுக் கொடுத்து ஓட்டெடுப்பு வாங்குகிற இந்த முறை உலகத்தில் புதியதல்ல. சுவிட்சர்லாந்தில் 1891இலிருந்து நாடு முழுவதற்கும் இது உண்டு. இன்று ஒரு லட்சம் பேர் 18 மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால், அரசியல் சட்டத்தையே திருத்தச் சொல்லி நாட்டை ஓட்டுப்போட வைக்கலாம். ஜனங்களில் பெரும்பான்மையும் வேண்டும், மாநிலங்களில் பெரும்பான்மையும் வேண்டும். அங்கே தொழிற்சங்கங்கள் இந்த ஆயுதத்தை எடுத்துத் தோற்றதும் உண்டு, ஜெயித்ததும் உண்டு. 2014இல் நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று கேட்டார்கள், 100க்கு 76 பேர் மறுத்தார்கள். 2024 மார்ச் 3ஆம் தேதி, முதியோர் பென்ஷனை வருஷத்துக்கு 13 மாதத்துக்குத் தரவேண்டும் என்று கேட்டார்கள், 100க்கு 58 பேர் ஆமோதித்தார்கள். நம்மூரில் தீபாவளி போனஸ் கேட்கிற மாதிரி பென்ஷன்காரர்களுக்கு ஒரு மாதம் கூடக் கிடைத்தது.

ஆனால் அதே சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு நாடாளுமன்ற ஓட்டுரிமை 1971இல்தான் வந்தது. ஆண்கள் மட்டும் கூடி ஓட்டுப் போட்டு அதுவரை தள்ளிப்போட்டார்கள். ஆகவே 'நேரடி ஜனநாயகம்' என்ற பெயரைக் கேட்டதும் கைதட்டிவிடக் கூடாது. யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். யார் பணம் செலவழிக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1911இலிருந்து இதே உரிமை உண்டு. ரயில்வே முதலாளிகளின் பிடியிலிருந்து சர்க்காரை விடுவிக்க என்று கொண்டுவந்தார்கள். 2020 நவம்பரில் அங்கே என்ன நடந்தது? செல்போன் செயலி வழியாக வாடகைக் கார் ஓட்டுகிறவர்களையும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களையும் 'தொழிலாளி' என்று கருதக்கூடாது என்று ஊபர், லிப்ட் முதலிய கம்பெனிகளே ஓட்டெடுப்புக் கொண்டுவந்தன. 20 கோடி டாலருக்குமேல் செலவழித்தன, ஜெயித்தன. ஜனங்களுக்காகச் செய்த கத்தியை முதலாளி பிடுங்கிக்கொண்டான். இது நமக்குப் பாடம். கையெழுத்தைக் கூலிக்கு வாங்கக்கூடாது. ஓட்டெடுப்பில் வியாபாரியின் பணம் நுழையக்கூடாது. ஓட்டு ஊர் அளவில் இருக்க வேண்டும். ஊர் அளவில் இருந்தால் யார் யாருக்குக் கை நீட்டினார் என்பது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும்.

எதிர்க்கேள்விகள்

நமக்கு எதிராகச் சொல்லப்படுவதையும் பேசிவிடுவோம்.

"கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்" என்கிறார்கள். பயம் பொய்யல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். ஆனால் அன்று தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் திறந்துதானே இருந்தன? கடை திறந்திருப்பது கள்ளச்சாராயத்தைத் தடுக்கவில்லை. கடைச்சரக்கை வாங்கக் காசு போதாதவன் மலிவான விஷத்தைத் தேடிப்போனான். கள்ளச்சாராயத்தைத் தடுப்பது போலீசின் நேர்மையும் ஊர் ஜனங்களின் கண்ணும்தான். தானே ஓட்டுப்போட்டு மூடிய ஊர்தான் கண்ணை விழித்து வைத்திருக்கும். இதையும் சேர்த்துச் சொல்கிறோம்: மூடிய பிறகு காவல் காக்க மாட்டோம் என்கிற ஊர் மூடவே வேண்டாம்.

"வருமானம் போய்விடும்" என்கிறார்கள். 2023–24ஆம் வருஷத்தில் டாஸ்மாக் மூலம் சர்க்காருக்கு வந்த வரி 45 ஆயிரம் கோடி ரூபாய்க்குமேல். பெரிய தொகைதான். அது யார் பாக்கெட்டிலிருந்து வந்தது? அது வானத்திலிருந்து விழவில்லை, கூலிக் கவரிலிருந்து விழுந்தது. கூலிக்காரனிடம் ஒரு கையால் வாங்கி, அவன் பெண்டாட்டிக்கு இன்னொரு கையால் உதவித்தொகை கொடுப்பதை வருமானம் என்று சொல்லலாம், தர்மம் என்று சொல்ல முடியாது. வரியைக் கொடுக்கத் திராணி உள்ளவனிடம் வாங்கச் சொல்கிறோம்.

"கடையில் வேலை செய்கிறவர்கள் கதி என்ன?" இதை நாமே கேட்போம். டாஸ்மாக்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் வந்தவர்கள். அவர்கள் நம் எதிரிகள் அல்ல, நம் சகோதரர்கள். ஒரு கடை மூடினால் அங்கே வேலை செய்தவருக்கு வேறு சர்க்கார் வேலை கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கடைசியாக ஒன்று. "எல்லாவற்றையும் ஊர் ஓட்டுக்கு விட்டுவிடலாமா?" கூடாது! ஒரு சாதியார் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாமா, கோயிலுக்குள் வரலாமா, பொதுச் சுடுகாட்டில் பிணம் எரிக்கலாமா என்று எந்த ஊரும் ஓட்டெடுக்க முடியாது. அவை மனிதனின் உரிமைகள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் கூடினாலும் ஒருவனின் உரிமையைப் பறிக்க முடியாது. மதுக்கடை என்பது ஓர் உரிமை அல்ல, ஒரு வியாபாரம். வியாபாரம் ஊரில் இருக்கலாமா கூடாதா என்று ஊர் ஜனங்கள் சொல்லலாம். மனிதன் ஊரில் இருக்கலாமா கூடாதா என்று அவர்கள் சொல்ல முடியாது. இந்தக் கோட்டை நாம் ஒருபோதும் மறக்கக்கூடாது.

நாம் கேட்பது என்ன?

சுருக்கமாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் இது ஏற வேண்டும்:

ஒன்று, ஊரில் 100க்கு 20 பேர், அல்லது பெண்களில் 100க்கு 20 பேர் மனுக் கொடுத்தால் ஓட்டெடுப்பு நடத்தியே ஆகவேண்டும்.

இரண்டு, மனுக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நடத்த வேண்டும். இழுத்தடித்தால் மனு தூங்கிவிடும், கடை தூங்காது.

மூன்று, ஓட்டு ரகசியமாக இருக்க வேண்டும். ஓட்டுநாளில் கூலியோடு விடுமுறை வேண்டும். சட்டசபைத் தேர்தலுக்குச் சட்டப்படி கூலியோடு விடுமுறை உண்டு என்றால் இதற்கும் உண்டு.

நான்கு, முடிவு அதிகாரியைக் கட்டுப்படுத்த வேண்டும். ஊர் ஓட்டுப்போட்டு மூடிய கடையை, ஊர் ஓட்டுப்போடாமல் யாரும் திறக்கக்கூடாது. புதுக்கடை திறக்கும்போதும் இதே விதி.

இதைச் சட்டமாக்கும் வரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். ஓமலூர் பேரூராட்சிக்கு வெளியே சுற்றிலும் ஊராட்சிகள் இருக்கின்றன. அடுத்த கிராம சபை வருகிறது. தனித்தனியாகப் போகாதீர்கள், தெருத்தெருவாகச் சேர்ந்து போங்கள். கை தூக்குவதற்குப் பயமாக இருந்தால் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் தூக்குங்கள், ஐம்பது பேரையும் ஒருவர் வேலையை விட்டு நிறுத்த முடியாது. பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும் வரை எழுந்திருக்காதீர்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நகல் வாங்குங்கள். அதோடு, "இந்தப் பிரச்னையில் ரகசிய ஓட்டெடுப்பு நடத்தச் சட்டம் கொண்டுவர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஆலைத் தொழிலாளிகளே, உங்கள் சங்கப் பேரவையிலும் இதே தீர்மானத்தைப் போடுங்கள். ஆலையில் ஒரு குரலும் வயலில் ஒரு குரலும் சேர்ந்தால்தான் கோட்டையில் கேட்கும்.

தாய்மார்களே! 1937இல் இந்த ஜில்லாவில் கடையை மூடியபோது உங்கள் பாட்டிமார்களை யாரும் கேட்கவில்லை. திறந்தபோதும் கேட்கவில்லை. அவர்கள் வாசலில் உட்கார்ந்து நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்களும் அதே வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பெண்கள் அங்கே உட்காரக்கூடாது. அவர்கள் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும். அதில் நின்ற பாட்டில் ஒன்றும் படுத்த பாட்டில் ஒன்றும் இருக்க வேண்டும். எதில் குத்துவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சீட்டை வாங்குவது நம்முடைய வேலை. வாங்குவோம்!